தலைமாட்டில் வைத்த எலுமிச்சம்பழம்

முனியாண்டி மேல் ஆணையாகச் சொல்கிறேன் சார், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கேமரன் மலை ஈரத்தில் எதுவும் தாங்காது. கொடியில் காயப்போட்ட என் வேட்டியில் ஒருமுறை காளான் முளைத்தது. பறித்துக் குழம்பு வைத்தோம். ஆகவே ஒரு பழம் அழுகியதற்கு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

புனிதன் எங்கள் எஸ்டேட்டின் கங்காணி. நல்லவன். அந்த நல்லதனம்தான் எனக்குக் குமட்டும். கொழுந்தெடுக்கும் பெண்களின் காலை அட்டை கடித்தால் அவனே குனிந்து சுண்ணாம்பு வைப்பான். கழுவாத அதே விரலால் எனக்கு வெற்றிலை மடித்து நீட்டுவான். வாங்கி மெல்லுவேன், அவன் திரும்பியதும் துப்பிவிடுவேன்.

தொழிலாளர் லயத்து முனியாண்டி கோவிலில் முப்பத்தோரு வருடமாகச் சாமியாடி நான்தான். அருள் வந்து அரிவாள் மேல் ஏறி நின்றால் துரையே சப்பாத்தைக் கழற்றுவார். இந்த ஆடியில் புனிதன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை வியர்வையில் பிசுபிசுத்தது.

"தாத்தா, ஒங்களுக்குக் கால் நடுங்குது. அரிவாள்ல வழுக்குனா என்னா ஆவுறது? அடுத்த வருசம் நம்ம லயத்து எளவட்டம் கோகிலன் ஆடட்டும்லா. நீங்க நாற்காலி போட்டு உக்காந்து பாருங்க."

"சரிப்பா," என்றேன்.

பூசையன்று கடைசித் தடவையாக ஆடினேன். எல்லோரும் குறி கேட்டுப் போனபின் அவன் வந்து நின்றான். கேட்ட குறியைப் பலிக்கும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது, பெண்டாட்டியிடம்கூட. அது எங்கள் லயத்து வழக்கம். அவன் கையில் எலுமிச்சம்பழத்தை வைத்தேன்.

"தலமாட்டுல வைடா. மூணு நாளுக்குள்ள அழுகிச்சுன்னா, ஒன்னைய முடிக்கப் போறவன் ஒன் வூட்டுலயே சோறு திங்கிறான்."

புனிதன் வீட்டில் இருந்தது அவன் மனைவி மோகனாவும் அவள் தம்பி, லோரி ஓட்டும் மகேனும்தான்.

மற்றதை ஊர்வாய் பார்த்துக்கொண்டது. சலீம் டீக்கடையில் நுரை பொங்கத் தே தாரிக் குடித்தவர்கள், கங்காணி வேலைக்கு மகேன் துரையிடம் மனு கொடுத்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். பேச்சை யார் எடுத்தது என்று ஞாபகமில்லை. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் புனிதன் தன் சோற்றை நாய்க்கு வைத்துப் பார்த்தான். நாய் தின்றுவிட்டு வாலாட்டியது. அதற்கும் அவனே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை தலையணையெல்லாம் நாறியது. மகேன் வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். கோப்பையைக் கீழே வைக்கக்கூட அவனுக்கு நேரமிருக்கவில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, சார், ஒரே வெட்டு.

அந்தக் கையோடு புனிதன் நேராக என்னிடம் வந்தான். "சாமி வாக்குப் பலிச்சிருச்சு தாத்தா," என்று காலில் விழுந்தான். பாதமெல்லாம் ரத்தம். மூன்று தடவை சோப்புப் போட்டும் பிசுபிசுப்புப் போகவில்லை. ஒரு மனிதன் இவ்வளவு நம்பினால் அருவருப்பாக இருக்காதா?

மீன் கழுவிய தண்ணீரை என் சர்க்கரை ஊசியால் பழத்துக்குள் ஏற்றியது நான்தான். ஏற்றச் சொன்னது முனியாண்டி. சாமி வாக்கை நான் மீற முடியுமா?

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்தோரு வருடத்தில் முனியாண்டி ஒருநாளும் என்மேல் வந்ததில்லை.