எலி வைத்தியம்

எண்பதுகளில் ஒரு காலை, காரைக்காலிலிருந்து மாயவரம் போகும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் மெட்ராசுக்குத் திரும்பும் ஒரு பெண்ணும், ரயிலேற்றிவிட வந்த அவளுடைய தாய்மாமனும் உட்கார்ந்திருந்தார்கள்.

“இவ்வளவு படிச்சிட்டு எலிக்கு வைத்தியம் பாக்குறியேம்மா” என்றார் மாமா.

பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

“ரத்தப் புத்துநோய் வந்த எலிக்கு, நல்ல எலியோட எலும்பு மஜ்ஜைய ஏத்திப் பாக்குறோம் மாமா. நாளைக்கு மனுஷனுக்கு உதவும்.”

“எத்தனை பொழச்சுது?”

“நெறைய செத்துப் போச்சு. ஒண்ணு அஞ்சு மாசமா உசுரோட இருக்கு.”

“பலே! அதுக்கு ஒரு மாலை வாங்கிப் போடு. ஒன் வேலை எப்ப நிரந்தரமாவும்?”

“தெரியல மாமா. அடுத்த வருஷத்துக்கு நீட்டிச்சாத்தான் உண்டு.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.

“நம்ம ஊர் காலேஜ்ல வேலை. ஆளப் புடிச்சு, அலைஞ்சு, ஆர்டரே வாங்கிட்டேன். தவளைய அறுத்துக் காட்டுனாப் போதும், சாவுற வரைக்கும் பென்ஷன்.”

அவள் கவரை வாங்கி, பிரித்து, முழுவதும் படித்தாள். மடித்துத் திரும்ப அவர் பையிலேயே வைத்தாள்.

“நான் வந்துட்டா அந்த எலிய யாரும் பாக்க மாட்டாங்க மாமா. கொன்னுட்டு, கூண்டக் கழுவி வச்சிருவாங்க.”

மாயவரம் வந்தது. இறங்கும்போது அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டே மாமா கேட்டார்.

“காலேஜ்ல நான் என்னன்னு சொல்றது? எலிக்கு ஒடம்பு சரியில்லன்னா?”

“இல்ல மாமா. எலி நல்லாருக்குன்னு சொல்லுங்க.”