மங்கலாகத் தெரிந்த கோடு

என் கையெழுத்து வலப்பக்கம் சாயும். நோட்டைப் படிக்கச் சிரமமாக இருந்தால் சொல்லுங்கள், நானே வாசித்துக் காட்டுகிறேன்.

பகலில் மருந்துக்கடை வேலை, மாலையில் ஆய்வக உதவியாளர் வகுப்பு. இன்ஃப்ளூயன்சா பாடத்திலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். தவறென்றால் திருத்துங்கள்.

அந்த வைரஸில் ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. டி பெரும்பாலும் மாடுகளோடு நின்றுவிடும். சி வந்தால் மூக்கு ஒழுகும், அவ்வளவுதான். ஆளைச் சாய்ப்பதில் ஏ-தான் கெட்டிக்காரன். அதன் மேல் 'எச்', 'என்' என்று இரண்டு விதமான முட்கள். 'எச்' செல்லில் ஒட்டிக்கொண்டு உள்ளே போக வழிசெய்யும். பெருகிய பிறகு வெளியேற உதவுவது 'என்'.

எங்கள் பெரியப்பாவுக்கு 'எச்' மட்டும்தான் உண்டு என்று நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன். பத்து நாள் தங்கிவிட்டுப் போவதாக வந்தவர், நான்கு வருஷமாக என் அறையில் இருந்தார். நான் சமையலறையில் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. வாய்தான் கொஞ்சம்.

"இன்னைக்கு என்னம்மா பாடம்? சளியா? அதுக்குமா காசு கட்டிப் படிக்கிறாங்க?"

"சளி இல்ல பெரியப்பா, ஃப்ளூ. உங்கள மாதிரி மூச்சிரைப்புக்கு பம்ப் அடிக்கிறவங்களுக்கு ஆபத்து. நீங்க தடுப்பூசி போட்டுக்கணும்."

"என்கிட்ட வந்தா அந்த வைரஸுக்குத்தான் காய்ச்சல் வரும்."

அம்மாகூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுவும் நோட்டில் இருக்கிறது.

பதினொன்றாம் தேதி எனக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கடையிலிருந்து ஒரு பரிசோதனைப் பட்டை எடுத்துவந்தேன். அதில் ஏ-வுக்கு ஒரு கோடு, பி-க்கு ஒரு கோடு விழும். சி-யை அது காட்டாது. மங்கலாக விழுந்தாலும் கோடு கோடுதான் என்று வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். 4.10க்கு மூக்கில் குச்சியை விட்டேன். 4.25க்குப் பட்டையைப் பார்த்துவிட்டு, 'சி வகையாக இருக்கலாம்' என்று எழுதினேன்.

சி என்றால் பெரியப்பாவுக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகும். என் படிப்புக்குக் கொஞ்சம் மரியாதை வரும். வேறெதுவும் நினைக்கவில்லை. 4.40க்கு அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். அவர் முகத்துக்கு நேராக ஏழு முறை இருமினேன்.

"வாயைப் பொத்திக்கிட்டு இருமும்மா."

"சளிதானே பெரியப்பா" என்றேன்.

ஒன்பதாம் நாள், மருத்துவமனையில், பெரியப்பா ஒருவழியாகக் கிளம்பினார்.

பட்டை நோட்டின் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறது. ஏ-வுக்கு நேரே கோடு இருப்பது உண்மை. 4.25க்கும் இருந்தது, பார்த்தேன். ஆனால் ரொம்ப மங்கல். இங்கே விசாரணைக்குக் கொண்டுவருவதற்கு முன் என் அறையில், புது மேசை விளக்கின் கீழே வைத்து இன்னொரு முறை பார்த்தேன். அங்கே இன்னும் மங்கலாகத்தான் தெரிந்தது.