சாகுல் தேர்ந்தெடுத்த கெர்னல்

உங்கள் தே தாரிக் ஆறுகிறது, இன்ஸ்பெக்டர். குடியுங்கள். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். புக்கிட் மேராவிலிருந்து இங்கே வருவதற்கே என் முழங்கால்களிடம் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஓர் இல்லம் இருக்கிறது. பிழைக்கமாட்டார்கள் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டவர்கள் அங்கே தங்கியிருந்து, பிள்ளைகளுக்காகக் குரலைப் பதிந்து வைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பதிவுகளை ஐந்து சர்வர்களில் காப்பது எனக்கும் சாகுல் ஹமீதுக்கும் வேலை. ஹார்ட் டிஸ்க் சுழலும் சத்தத்தை வைத்தே அது சாகும் நாளைச் சொல்லிவிடுவேன். சாங்கியில் இருந்த ஒரு டிஸ்குக்குத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கிறேன்.

சர்வர்களை இயக்க எந்த வகை லினக்ஸ் போடுவது என்ற பேச்சு வந்தபோது, அதன் இதயமான கெர்னலை நானே புதிதாகத் தொகுத்துப் போட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்றேன். சாகுல் டெபியன் என்ற வகையைச் சொன்னார், அதோடு வரும் பழைய கெர்னலே போதுமென்றார்.

"மாணிக்கண்ணே, இங்க வேகம் யாருக்கு வேணும்? தொலையாம இருந்தா போதும் லா."

எல்லாரும் சிரித்தார்கள். டெபியன் ஏறியது. அதன்பின் ஒரு கோளாறும் வரவில்லை. கோளாறே வராத இடத்தில் என்னைப் போன்ற நிபுணனுக்கு என்ன மரியாதை? தாதியர் சாகுலுக்கு மட்டும் கறிபஃப் வாங்கி வந்தார்கள். எனக்குக் கொழுப்பு அதிகமாம்.

வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போகும்போது சர்வர்கள் என் பொறுப்பு. ஒன்றை மாற்றினால், ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவது எங்கள் முறை. ஒன்று கெட்டாலும், அதே பதிவுகள் உள்ள மற்றவை காப்பாற்றிவிடும். அன்று அவர் தொழுது திரும்புவதற்குள் ஐந்திலும் என் கெர்னலை ஏற்றினேன். அந்த டிஸ்குகளுக்கு ஒத்துவராத டிரைவர் மென்பொருள் அதில் இருந்தது. தெரியாமல் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். தேடிப் பிடித்துத்தான் போட்டேன். பதிவுகள் சிதைந்ததும் பழைய கெர்னலையே திரும்ப வைத்துவிட்டேன்.

யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. முதல்நாளே எல்லாவற்றையும் நகலெடுத்து வீட்டில் வைத்திருந்தேன். சாகுலின் டெபியன் கைவிட்டது, மாணிக்கம் காப்பாற்றினார் என்று நாலு பேர் சொன்னால் போதும். நகலெடுத்தால் திறந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அவசரத்தில் பார்க்கவில்லை.

அது திறக்கவில்லை.

தாரணி என்ற பெண் வந்தாள். அம்மாவின் காரியங்கள் முடிந்த மறுநாள், அம்மாவின் குரலைக் கேட்க வந்திருந்தாள்.

"எல்லாம் வேணாம் அங்கிள். என் பேரைக் கூப்பிடுற இடம் மட்டும் இருந்தாப் போதும்."

சாகுல் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஒண்ணுமே மிஞ்சலம்மா. இதைத் தேர்ந்தெடுத்தது நான்தான். என் தப்பு."

அவள் அழுதாள். அழுதுகொண்டே சாகுலின் கையைப் பிடித்து, "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்றாள்.

காப்பாற்றப் பார்த்தவன் நான். கையில் நகலோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவள் ஏன் என் கையைப் பிடிக்கவில்லை என்று நீங்கள்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.