ஆங்கிலேயர்களுக்கு ஒரு மேஜை

எனக்கு வறுத்த கோழி அவ்வளவாகப் பிடிக்காது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பிரெஞ்சுக் கிராமமான மோந்திராக்கில் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பங்கள் ஆளுக்கொரு ஞாயிற்றுக்கிழமை என்று முறைவைத்து என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எல்லா வீட்டிலும் அதே கோழி, அதே உருளைக்கிழங்கு, அதே மண்நிறக் குழம்பு. தட்டை வழித்துத் தின்றுவிட்டுப் பிரமாதம் என்பேன். யார் மனமும் நோகக் கூடாது என்பதில் நான் எப்போதும் கவனமாக இருந்திருக்கிறேன். மாஜிஸ்திரேட் அம்மா, இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாக விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று நேற்று கேட்டீர்கள். சட்டம் கேட்கச் சொல்கிறது, கேட்டீர்கள். கொஞ்சம் வலித்தது. எங்கள் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் என்றால் அது நான்தான், லயனல் பார்ஜிட்டர். லெஸ்டர் நகரத்தில் கொட்டாவி விடும் பையன்களுக்கு ஆயுள் முழுக்கப் பிரெஞ்சு கற்பித்தவன். ஒருவனும் கற்றுக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்று இங்கே வந்த பிறகுதான் நான் வாயைத் திறந்தால் நாலு பேர் வேலையை நிறுத்திவிட்டுக் கவனிப்பதைப் பார்த்தேன்.

எங்கள் ஆட்கள் வெயிலுக்காகவும் மலிவான கல்வீட்டுக்காகவும் வந்தவர்கள். கூரை வேலை முடியட்டும், பிரெஞ்சு கற்றுக்கொள்கிறோம் என்றார்கள். கூரை முடிந்தது. நீச்சல்குளம் முடியட்டும் என்றார்கள். அதுவும் முடிந்து, அதில் பாசியும் படிந்துவிட்டது. வணக்கம், நன்றி, இன்னொரு கிளாஸ் என்ற அளவில் அவர்கள் பிரெஞ்சு நின்றுவிட்டது. குழாய்க்காரர், மின்சார ஆபீஸ், பல் டாக்டர் என்று எல்லா இடத்துக்கும் நான் போனேன். எங்கள் ஆட்களில் ஒருத்தியான ஜெரால்டீன் தன் பூனைக்குக் கருத்தடை செய்வித்தபோதுகூடப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். ஜெரால்டீனுக்கு, பூனைக்கு அல்ல.

மொழிபெயர்ப்பு என்பது சொன்னதைச் சொல்வதல்ல. ஓர் உதாரணம் தருகிறேன். ராட்னி ஹெப்பிள் வந்த புதிதில் மேயர் லபோரியின் முன் என்னை நிறுத்தி இங்கிலீஷில் கத்தினான். ராட்னி டயர் வியாபாரம் செய்து ஓய்ந்து, மனைவி பெரிலோடு வந்தவன். இரண்டு காதும் மந்தம், ஆகவே எல்லோருக்கும் மந்தம் என்று நினைத்துப் பேசுவான்.

"இந்தாளுகிட்ட சொல்லுய்யா, அவங்க சாக்கடை என் வீட்டு வாசல்ல நாறுது. ஒரு பய எட்டிப் பாக்கல. சோம்பேறிக் கூட்டம்னு சொல்லு."

நான் பிரெஞ்சில் சொன்னேன்: "உங்க ஊரோட பழமையை இவர் ரொம்ப ரசிக்கிறாராம். வாசல்ல இருக்கற சாக்கடையும் பழசுதான், அதையும் கொஞ்சம் கவனிச்சா நல்லதுன்னு அபிப்பிராயப்படறார்."

மேயர் பல்லைக் கடித்துக்கொண்டு, "வந்து இறங்கி ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள இந்தச் செவப்பு மூஞ்சிக்கு எங்க ஊர் நாறுதாமா?" என்றார்.

"உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க வந்தது ஊருக்கே பெருமைங்கறார்" என்று ராட்னியிடம் சொன்னேன். இருவரும் கை குலுக்கினார்கள். சாக்கடை சரியானது. இதைப் பொய் என்று எழுதினால் உங்கள் இஷ்டம். நான் இதைப் பண்பு என்பேன்.

இனி அந்த விருந்து. ஜூலையில் ஊர்ச் சதுக்கத்தில் நடக்கும். மண்டபத்திலிருந்து மேஜைகளைத் தூக்கி வந்து வரிசையாகப் போடுவார்கள். ஊர் சமைக்கும். தட்டு, கரண்டி, கிளாஸ் மட்டும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். முதல் வருடமே மேயர் என்னிடம், "உங்க ஆளுங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். நான் யோசித்தேன். நள்ளிரவுவரை ஒயின் ஓடும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் கையைக் காலை ஆட்டியாவது பேசத் தொடங்கிவிடுவார்கள். தப்பும் தவறுமாக.

எங்கள் ஆட்களிடம், அது இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு மட்டும், நாம் போய் நின்றால் சங்கடப்படுவார்கள் என்றேன். மேயரிடம், ஆங்கிலேயர்கள் தனிமை விரும்பிகள், பன்றி ரத்தத்தில் செய்த பண்டங்களைக் கண்டால் பயப்படுவார்கள் என்றேன். மேயர் முதலில் சிரித்தார். பிறகு முகம் சுண்டிப்போனது. "இருக்கட்டும். ஒரு மேஜை போட்டு வைக்கிறேன். மனசு மாறினா வரட்டும்" என்றார்.

பிடிவாதக்காரர். ஒவ்வொரு வருடமும் எலுமிச்சை வாசனை அடிக்கும் அந்தப் பெரிய மரத்தடியில், வெள்ளைத் துணி விரித்து ஒரு மேஜை காலியாகவே கிடக்கும். பார்க்க நன்றாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். நம் சார்பில் பேசிப் பார்க்கிறேன் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லிவிட்டு நான் மட்டும் போவேன், அதற்கு முதுகைக் காட்டி உட்கார்வேன்.

எங்கள் ஆட்கள் அன்றைக்குப் பாட்டுச் சத்தம் கேட்காமல் இருக்க ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். மறுநாள் ஜெரால்டீன் என்னிடம், "நம்மளைக் கண்டாலே இவங்களுக்கு ஆகாது, இல்ல லயனல்?" என்பாள். பொறுமையாக இருங்கள், நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் என்பேன். அடுத்த ஞாயிறு கோழி கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

போன குளிர்காலத்தில் ராட்னி பிரெஞ்சு கற்கத் தொடங்கினான். எழுபது வயதில். சொல்லிக்கொடுத்தவள் ரொட்டிக்கடைக்காரரின் விதவை இவெத் கஸ்தேரா. அவள் என்ன இலக்கணம் கற்றவளா? அவன் பிரெஞ்சு கொடூரமாக இருந்தது. ஆண்பால் பெண்பால் கிடையாது, நேற்று நாளை கிடையாது, கூழாங்கல்லை மெல்வது போல ஒரு சத்தம். என்னை உறுத்தியது அதுவல்ல. அவன் பேசியது எல்லோருக்கும் புரிந்தது. கசாப்புக் கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார், அவனைத் திருத்தினார், மறுபடியும் பேசச் சொன்னார். என் பிரெஞ்சைக் கேட்டு இந்த ஊரில் யாரும் சிரித்ததில்லை. எவ்வளவு சுத்தமான பிரெஞ்சு என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

வசந்தம் வருவதற்குள் ஆணி வாங்க, அடுப்பு வாங்க எங்கள் ஆட்கள் ராட்னியைக் கூட்டிப் போகத் தொடங்கினார்கள். என் தொலைபேசி ஊமையாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருமே கூப்பிடவில்லை. தனியாக உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றேன். நல்ல பாலாடைக்கட்டிதான். பாதியை வைத்துவிட்டு, தொலைபேசி வேலை செய்கிறதா என்று எடுத்துப் பார்த்தேன்.

ஜூனில் ராட்னி என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"யோவ் லயனல், ஒரு கூத்தைக் கேளேன். இவெத் சொல்றா, வருஷா வருஷம் விருந்துல நமக்குன்னு தனியா ஒரு மேஜை போடறாங்களாம். நாமதான் திரும்பிக்கூடப் பாக்கறதில்லையாம். மேயருக்கு மனசே விட்டுப்போச்சாம்."

"நீ தப்பாப் புரிஞ்சிருப்ப" என்றேன்.

"அதான் நானும் பெரில்கிட்ட சொன்னேன். என் பிரெஞ்சு லட்சணம் எனக்குத் தெரியாதா? லயனல் சொன்னா சரியாத்தான் இருக்கும்னேன்." என் தோளில் ஓங்கித் தட்டினான். "எதுக்கும் இந்த வருஷம் எல்லாரும் தட்டைத் தூக்கிட்டுப் போயிடறோம். மேயரையே நேர்ல கேட்டுடறேன், எல்லார் முன்னாடியும். விரட்டினா விரட்டட்டும்."

என்மேல் அவனுக்குத் துளிச் சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

விருந்துக்கு ஒரு வாரம் இருக்கையில் அவனுக்கு வயிற்றில் வலி, முதுகுவரை இழுத்தது. என்னைத்தான் கூப்பிட்டான். "சாப்பாடு, மழை, கால்பந்து, இது வரைக்கும்தான் இவெத் சொல்லிக் குடுத்திருக்கா. உள்ளே இருக்கற சாமானுக்கெல்லாம் பேர் தெரியாதுய்யா. நீ வந்தாத்தான் ஆகும்." பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு வேலை வந்தது. இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டேன். அப்போது என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

டாக்டர் தெல்மாஸுக்கு இங்கிலீஷ் தெரியாது. மீசைக்குள்ளேயே பேசுகிறவர். ராட்னியைப் படுக்கச் சொன்னார். படுக்கும்போது காதுக்கருவி கீச்சென்று கத்தும் என்று சொல்லி அவனுடையது இரண்டையும் வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உண்மையிலேயே அவை கத்தும். டாக்டர் அவன் வயிற்றில் பசையைத் தடவி, ஒரு சின்னக் கருவியை ஓட்டி, திரையைப் பார்த்துக்கொண்டே அதே இடத்தில் மறுபடியும் மறுபடியும் ஓட்டினார்.

பிறகு என்னிடம் சொன்னார்: "வயித்துல இறங்கற பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி உப்பிக் கிடக்கு. எப்ப வேணா வெடிக்கும். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஆபரேஷன் பண்ணணும். அதுவரைக்கும் ஒரு கடைப்பையைக்கூடத் தூக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

"என்னய்யா சொல்றாரு?" என்றான் ராட்னி, சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

அவன் காதருகே குனிந்தேன். "தசைப் பிடிப்பாம். உக்காந்தே கெடக்கறதால வருதாம். நல்லா நடக்கணும், குனிஞ்சு நிமிந்து நாலு சாமானைத் தூக்கி வைக்கணும்கறார்."

ராட்னி சிரித்தான். டாக்டர் என்னைப் பார்த்தார். "சிரிக்கிறாரே, புரிஞ்சுதா அவருக்கு?"

"பயம் வந்தா ஆங்கிலேயர்கள் சிரிப்பாங்க டாக்டர். ஆபரேஷன் வேண்டாம்கறார்."

டாக்டர் எழுந்து வந்து ராட்னியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான் கெஞ்சிக் கேக்கறேன்னு சொல்லுங்க. வீட்டுல மனைவி இருக்காங்கல்ல, அவங்களை நினைச்சுப் பாக்கச் சொல்லுங்க."

"பெரில் எப்படி இருக்காங்கன்னு விசாரிக்கிறார்" என்றேன்.

"அடடா, தங்கமான மனுஷன்யா. ஜம்முனு இருக்கான்னு சொல்லு."

"மனைவிக்கு இது தெரியவே கூடாதாம் டாக்டர். கண்டிப்பாச் சொல்றார்."

"ஆஸ்பத்திரின்னு ஏதோ காதுல விழுந்த மாதிரி இருந்துச்சே?" என்றான் ராட்னி.

"பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரியையெல்லாம் இழுத்து மூடறாங்கன்னு புலம்பறார்."

"எந்த ஊர்லயும் இதே கதைதான்" என்று ராட்னி தலையாட்டினான். அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சில், நன்றி, மிக்க நன்றி என்று உரக்கச் சொன்னான். டாக்டரின் கண் கலங்கியிருந்தது. ஒரே அறையில் இரண்டு வேறு உரையாடல்கள், ஓரிடத்திலும் இடறல் இல்லை. தொழில் என்ற அளவில் மட்டும் சொல்கிறேன், அதைவிடச் சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை.

காரில் ஏறியதும் காதுக்கருவிகளைத் திருப்பிக் கொடுத்தேன். வீடுவரை ராட்னி பாடிக்கொண்டே வந்தான். பிறகு டாக்டர் எனக்குத் தொலைபேசினார், மறுபடியும் தொலைபேசினார். இன்னும் யோசிக்கிறார் என்றேன்.

விருந்தன்று ராட்னிதான் சதுக்கத்துக்கு முதலில் வந்தான். டாக்டர் சொன்ன வைத்தியம் என்று சொல்லி மேஜைகளைத் தூக்கத் தொடங்கினான். எங்கள் ஆட்கள் கையில் தட்டுகளோடு, பள்ளிக்கூடத்தில் சேர வந்த பிள்ளைகள் போல ஓரமாக நின்றார்கள். மேயர் மண்டபத்துக்குள் ஒயின் பீப்பாயைத் திறந்துகொண்டிருந்தார். கடைசியாக மிஞ்சியது எங்கள் மேஜை. ஓக் மரம், நல்ல கனம். "லயனல், அந்தப் பக்கம் பிடிய்யா" என்றான். பிடித்தேன். ஒரு பக்கம் ஒருவர் தூக்கினால் இன்னொரு பக்கம் யாராவது தூக்கித்தானே ஆக வேண்டும்.

மரத்தடியில் அவன் தன் பக்கத்தை மெதுவாக, கல்லில் உரசாமல் இறக்கி வைத்தான். தரையில் உட்கார்ந்தான். சிவந்த முகம் சுண்ணாம்பாகியிருந்தது. "இது தசை இல்லய்யா, லயனல்" என்றான். சத்தமாக அல்ல. அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

டாக்டர் தெல்மாஸ் சதுக்கத்தின் மறுகோடியிலிருந்து, கையில் தன் தட்டோடு ஓடிவந்தார். ஓடிவந்து பயனில்லை, ராட்னி போய்விட்டான். தரையில் மண்டியிட்டிருந்த பெரிலிடம் அவர் பிரெஞ்சில் சொன்னார்: "ஒரு பையைக்கூடத் தூக்காதீங்கன்னு அன்னைக்கே கெஞ்சினேனே அம்மா. ஏன் ஆபரேஷனுக்கு ஒத்துக்கவே மாட்டேன்னுட்டார்?"

"டாக்டர் ரொம்ப வருத்தப்படறார் பெரில்" என்றேன்.

பெரில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பினாள். பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாக, "இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா" என்றாள்.

இவெத் வீட்டில் பாடம் கேட்கப் பெரிலுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது எனக்குத் தெரியாது. ராட்னி சொல்லவில்லை, அவள் வெட்கப்படுகிறாள் என்று விட்டிருப்பான். அவள் உச்சரிப்பு நன்றாக இருந்தது. வாத்தியார் என்ற முறையில் சொல்கிறேன்.

கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். டாக்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. காதுக்கருவி என் பையில் இருந்தது. தொலைபேசியை வைத்த ஒவ்வொரு தடவையும் ராட்னி வீட்டுக்கு நடந்து போக எனக்கு நேரம் இருந்தது. மேஜையின் மறுபக்கத்தைத் தூக்கியபோது கடைப்பை விஷயமும் ஞாபகம் இருந்தது. அவன் பிழைத்திருந்தால் அன்று மேயரிடம் கேட்டிருப்பான். நான் அவனைக் கொன்றேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அந்த வாக்கியத்தில் பிழை இல்லை.

ஆனால் அன்று மாலை நீங்கள் சதுக்கத்தில் இருந்திருக்க வேண்டும். எங்கள் ஆட்களும் ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மேயர் ஏதோ சொல்ல, ஜெரால்டீன் சம்பந்தமே இல்லாமல் ஏதோ பதில் சொல்ல, இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பாதிக்கு மேல் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். நான் அருகிலேயேதான் நின்றேன். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

பெரில் இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. அடக்கம் செய்ய எந்தெந்த ஆபீஸ் ஏறி இறங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, அங்கே யாருக்கும் இங்கிலீஷும் தெரியாது. இந்தச் சிறையில் தொலைபேசி எத்தனை மணிவரை எடுப்பார்கள் என்று அவளுக்குச் சொல்லி அனுப்புங்கள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.