மீசைக்கார ரதி

பிள்ளைகளே, தேவாலாவிலிருந்து கூடலூர் போகும் பேருந்தில் என் முன் இருக்கைக்காரர் சொன்னார்: "இந்த வருஷம் நான் ரதியா ஆடல மச்சான்." அவருக்கோ முரட்டு மீசை. காது கொடுத்தேன்.

அவர்கள் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், காமன் கூத்து நடக்குமாம். சிவன் எரித்த காமனுக்காக அவன் மனைவி ரதி அழுவாள். அந்த வேஷம் எப்போதும் இவருக்குத்தான்.

"ஏன் மச்சான்?" என்றார் பக்கத்தில் இருந்த இளைஞர்.

"செல்வி புருஷன யானை அடிச்சுக் கொன்னு ஒரு வருஷம் ஆகல. அவ முன்னால நான் பொய்யா அழ ஏலுமா?"

இளைஞர் கல்லூரியில் படிப்பவர். பழைய கிரேக்க நாட்டில் ஒரு குருவுக்கும் சிஷ்யனுக்கும் நடந்த வாக்குவாதத்தை நேற்று நடந்ததுபோலச் சொன்னார்.

"வேஷம் வெறும் நகல், கூத்தாடிகள ஊருக்குள்ள விடாதேன்னாரு குரு. சிஷ்யன் ஒத்துக்கல. பாத்து, அதே மாதிரி செஞ்சுதான் மனுஷன் கத்துக்குறான். நெசத்துல பாக்க ஏலாத துக்கத்தையும் கூத்துல பாக்கலாம், பாத்தா மனசு லேசாகும்னாரு."

"நல்லாத்தான் சொல்லியிருக்காரு. செல்வி மூஞ்சிய அவரா வந்து பாப்பாரு?"

பெண்கள் இருக்கையிலிருந்து ஒருவர் திரும்பினார்.

"செல்வி! நீயும் இதுலயா வர்ற?" மீசைக்காரர் பதறிவிட்டார்.

"போன வருஷம் ஒங்களுக்குச் சேல கட்டிவிட்டது யாருண்ணே?"

"ஒன் புருஷன்தாம்மா."

"இந்த வருஷம் நான் கட்டிவிடுறேன். நல்லா அழுங்க. எனக்கு இன்னும் அழுகையே வரல."

மீசைக்காரர் தன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"மச்சான், எறங்குனதும் மொதல்ல சலூனுக்குப் போவோம்."