சிலுவை போடாத இரண்டு சீட்டுகள்

வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றே கால். சைப்ரஸில், நிகோசியாவுக்கு மேற்கே, முள்கம்பியை ஒட்டியே போகிற தார்ச்சாலை. அந்தப் பக்கம் துருக்கிக் காவல், இந்தப் பக்கம் நம் காவல். நடுவில் முப்பது வருஷமாக யாரும் உழாத நிலம்... கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். இது என் நண்பனின் மைத்துனன் லோயிசோஸுக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே கேளுங்கள்.

லோயிசோஸின் அண்ணன் தோஃபிஸ். எழுபத்து நாலில் துருக்கிப் படை வந்தபோது காணாமல் போனான். வயது இருபத்தொன்று. எலும்புகூடக் கிடைக்கவில்லை. அம்மா ஹரிதூ விடுவாளா? ஞாயிறுதோறும் பூசையில் படிக்கச் சொல்லி பாதிரியாரிடம் இரண்டு பெயர்ச் சீட்டு கொடுப்பாள். உயிரோடிருப்பவர்கள் சீட்டு ஒன்று, இறந்தவர்கள் சீட்டு ஒன்று, அதன் மேலே மட்டும் சிலுவை போட்டிருக்கும். தோஃபிஸ் பெயர் எப்போதும் முதல் சீட்டில்தான்.

இந்த வருஷம் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. நாளைக்கு, இறந்தவர்களை நினைத்துப் படைக்கிற ஆன்மாக்களின் சனிக்கிழமை. அண்ணனுக்கும் அம்மாவுக்கும் இனியாவது நிம்மதி கிடைக்கட்டும் என்று லோயிசோஸ் தானே இரண்டு சீட்டும் எழுதினான். தோஃபிஸை இறந்தவர்களோடு சேர்த்தான். மேலே சிலுவை போடப் போனான்... கை வரவில்லை பாவம். அப்படியே இரண்டையும் மடித்து, இன்று மாலைப் பூசைக்குப் போய் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டு, வெளியே போய் சிகரெட் பிடித்தான். உள்ளே பாதிரியார் முந்நூறு பெயர்களை மளமளவென்று படித்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து காப்பிக்கடையில் நேரம் போய்விட்டது. காரில் திரும்பும்போது முன் இருக்கையில் இறந்தவர்களுக்கு வைத்த படையல் கிண்ணம். அவித்த கோதுமை, மாதுளை முத்து, பாதாம்.

காவல் கோபுரத்தைத் தாண்டியதும் பின்கதவு திறந்தது. டக். மூடியது. டக். வண்டி நிற்கவே இல்லை... ஈரச் சுண்ணாம்பு நெடி. பிணத்தின்மேல் கொட்டுகிற சுண்ணாம்பு.

கண்ணாடியில் தோஃபிஸ். அதே சட்டை. அதே இருபத்தொன்று.

"தலை நரைச்சுப் போச்சேடா," என்றான்.

லோயிசோஸ் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான். பின்னாலிருந்து மறுபடியும் அண்ணன் குரல்.

"இன்னைக்கும் ஏன்டா உயிரோட இருக்கிறவங்களோட என்னைக் கூப்பிட்டீங்க? பக்கத்துல ஒரு துருக்கிக்காரன் கெடக்கான். அவங்கம்மா போனதோட அவனை யாரும் கூப்பிடறதில்ல. நிம்மதியா மண்ணாயிட்டான். நான் மட்டும் வாராவாரம் எழுந்து உட்கார்றேன்."

"இல்லண்ணா... நான் உன்னை இறந்தவங்க சீட்டுலதான் எழுதினேன்."

பின்னாலிருந்து கை நீண்டது. ஒரு பிடி கோதுமை. கறுக், கறுக் என்று மெல்லும் சத்தம்... நின்றது. துப்பினான்.

"இது எனக்கு வச்சது இல்லடா."

"பின்ன யாருக்கு?"

பின் இருக்கையில் யாரும் இல்லை.

வீட்டு வாசலில் மகள் ரெவேக்கா நின்றாள். பத்தொன்பது வயது. அழுது கண் வீங்கியிருந்தது.

"அப்பா, பாட்டி போயிட்டாங்க. ஏழரை மணிக்கு. சூப் குடிச்சிட்டே இருந்தாங்க..."

ஏழரை. கோவிலில் இறந்தவர்களைப் படித்த நேரம்.

விடியுமுன் பாதிரியார் வந்தார். சட்டைப்பையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்து நீட்டினார்.

"ஏன்பா, சிலுவை போட மாட்டியா? எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மேல இருந்ததை இறந்தவங்கன்னும் கீழ இருந்ததை உயிரோட இருக்கிறவங்கன்னும் படிச்சிட்டேன்."

லோயிசோஸ் வாங்கி, மேலே இருந்த சீட்டைப் பிரித்தான். அவன் கையெழுத்துதான். மூன்று பெயர்கள். முதலில் ஹரிதூ. எந்தத் தகப்பனும் எழுதுகிற மாதிரி தன் பெயரைக் கடைசியில் எழுதியிருந்தான்.

நடுவில் ரெவேக்கா.

அவள் பாதிரியாருக்குக் காப்பி போட உள்ளே போயிருந்தாள். அடுப்பில் காப்பி கொதிக்கிற சத்தம் கேட்டது. வாசம் மட்டும் காப்பி வாசமாக இல்லை... ஈரச் சுண்ணாம்பு.