ஆரோக்கியம் போட்டு வைத்த ஐந்து நாற்காலிகள்

என் பெயர் கண்ணையன், வயது எழுபத்தாறு, தகப்பனார் பெயர் சுப்புராயன், மடுகரை மாதா கோயில் தெருவில் குடியிருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இறந்துபோன ஆரோக்கியம் என் பக்கத்து வீட்டுக்காரி. அவள் மகன் பாக்யராஜ், மனைக்கு ஆசைப்பட்டுத் தாயைக் கொல்லவே சுவரை இடித்தான் என்று அவனுடைய சித்தப்பா கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரிக்க, நான் பார்த்ததையும் காதால் கேட்டதையும் சொல்கிறேன்.

போன ஆவணியில் திருக்கனூர் ஜவுளிக்கடை கனகராஜ் முதலாளி காரில் வந்தார். அவர் கடையில் நான் வெகுகாலம் துணி பேல் இறக்கியவன். அவருடன் ஹேமலதா என்ற அம்மாவும் வேறு நான்கு பேரும் வந்தார்கள். அந்த நான்கு பேரும் அவரைப்போலவே ஊருக்கு ஊர் சிறு அறக்கட்டளை வைத்திருப்பவர்கள் என்றும், யாருக்கு எப்படிப் பார்த்து உதவி கொடுப்பது என்று அந்த அம்மா சொல்லித் தருவதாகவும் சொன்னார். "கண்ணையா, கஷ்டப்படற வூடு ஒண்ணு காட்டு" என்றார். நான் ஆரோக்கியத்தின் வீட்டைக் காட்டினேன்.

அவள் மாதா கோயிலில் ஐந்து நாற்காலி கேட்டு வாங்கி வந்து போட்டாள். அந்த அம்மா நின்றுகொள்ள, முதலாளியும் அந்த நான்கு பேருமாக ஐந்து பேரும் உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர், "உதவி கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பின்பக்கத்து மண் சுவரை இடித்துவிட்டுச் செங்கல் வைப்பேன் என்று ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் சொன்னாள். கடைசியில் அந்த அம்மா, நன்றாகச் சொன்னீர்கள் என்று கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். அதன் பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

புரட்டாசியில் அவள் சுவரை இடிக்கச் சொன்னாள். பாக்யராஜ், "பணம் வரட்டும்மா, மழ வர்ற நேரம்" என்று தடுத்தான். "நாம கை வெச்சாதான்டா அவங்களுக்கு நம்பிக்க வரும். ஒன் சோம்பேறித்தனத்துக்கு அவங்க தலையில பழி போடாத" என்றாள். இது என் வாசல் வரை கேட்டது. மறுநாள் அவன் இடித்தான். திறந்த பக்கத்துக்குத் தார்ப்பாய் கட்டினான்.

அதன் பிறகு ஒருவரும் வராததால் நான் பஸ் ஏறித் திருக்கனூர் போய் முதலாளியைக் கேட்டேன். அவர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, "அது வெறும் பயிற்சிப்பா. கேட்டுப் பழகத்தான் வந்தோம். அந்தம்மா அவங்ககிட்ட சொல்லலியா?" என்றார். நான் திரும்பி வந்து ஆரோக்கியத்திடம் அப்படியே சொன்னேன். அவள் சிரித்தாள். "ஒருத்தர் கேட்டா பயிற்சின்னு சொல்லலாம்ண்ணே. அஞ்சு பேரு கேட்டாங்களே. பயிற்சிக்கு எதுக்குக் கை தட்டணும்?" என்றாள்.

அதன் பிறகு தினமும் காலையில், அவர்கள் வந்த அன்றைக்குக் கட்டிய அதே நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, வெளியே பக்கச் சுவரை ஒட்டி ஐந்து நாற்காலியையும் போட்டு வைப்பாள். பொழுது சாய்ந்ததும் எடுத்து உள்ளே வைப்பாள்.

ஐப்பசியில் விடாமல் மழை பெய்து, பின்சுவரின் பிடிப்பு போன பக்கத்து மண் சுவரும் ஊறியிருந்தது. சம்பவத்தன்று மதியம் மழை கொஞ்சம் விட்டபோது அவள் நாற்காலிகளைப் போட்டாள். மறுபடி பிடித்துக்கொண்டது. "கோயில் சாமான் நனையுதே" என்று அவள் ஓடியதை நான் என் வாசலில் இருந்து பார்த்தேன். சுவர் அவள் மேல் சாய்ந்தது. பாக்யராஜ் அப்போது வேலைக்குப் போயிருந்தான். நானும் தெருக்காரர்களும்தான் மண்ணைத் தள்ளினோம். முதலில் நாற்காலிகள்தான் கிடைத்தன.

பாக்யராஜுக்குத் தாயின் மேல் விரோதம் எதுவும் கிடையாது. அவள் சொல்லித்தான் இடித்தான். அந்தத் தார்ப்பாயை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. காற்றடித்தால் ஐந்தாறு பேர் கை தட்டுவதுபோலக் கேட்கிறது. நான் பகலிலும் கதவைச் சாத்தி வைக்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதிய இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டாமல் குறைக்காமல் நடந்தபடியே இருக்கிறது. காவல் நிலையத்தில் வைத்திருக்கும் நாற்காலிகள் மாதா கோயிலைச் சேர்ந்தவை, ஆரோக்கியம் கேட்டு வாங்கியவை, விசாரணை முடிந்ததும் அங்கே கொடுத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லி, என் இடது கைப் பெருவிரல் ரேகையை வைத்திருக்கிறேன்.

(கண்ணையன், இ.கை. பெருவிரல் ரேகை)